நாற்பது நிமிடத் தாமதம்

புதன்கிழமை பத்து மணி வகுப்பை வாங்கிக்கொள்ள ஆளில்லை.

மற்றதெல்லாம் போய்விட்டது. வெள்ளிக்கிழமை கடைசி மணி, சாப்பாட்டுக்குப் பிறகு வரும் தூக்க மணி, மின்விசிறி ஓடாத மூன்றாம் மாடி அறை என்று யாரும் சீந்தாத சரக்கைக்கூட ஆவுடைநாயகி எப்படியோ யார் தலையிலாவது கட்டிவிட்டாள். பொருநைப் பல்கலைக்கழகத்தின் கணினித் துறைக்கு அவள்தான் அட்டவணைப் பொறுப்பாளர். அந்தப் பொறுப்புக்குக் கூடுதல் சம்பளம் கிடையாது, கூடுதல் வசவு மட்டும் உண்டு. திரையில் எல்லாக் கட்டங்களும் நிரம்பியிருக்க, புதன் பத்து மணிக் கட்டம் மட்டும் பல் விழுந்த இடம் மாதிரி காலியாக இருந்தது. நாலு மணிக்குள் பதிவாளர் அலுவலகத்துக்கு அனுப்பியாக வேண்டும். அவள் எழுந்து சன்னல் வரை நடந்தாள், திரும்பி வந்தாள், உட்காராமல் மறுபடியும் நடந்தாள்.

அது நீள்கூட வகுப்பு. அதுதான் சங்கடம்.

நீள்கூடம் என்று பெயர்தானே தவிர, அது ஒரு சின்ன விடுதி. வகுப்பறை, கணினிக் கூடம், சமையலறை, அறுபது கட்டில், மூன்று மாதத்துக்கு அரிசி பருப்பு. கதவைச் சாத்தி இயந்திரத்தை முடுக்கிவிட்டால் வெளியே ஒரு மணி நேரம் ஓடுவதற்குள் உள்ளே தொண்ணூறு நாள் ஓடி முடியும். பத்து மணிக்கு உள்ளே போகிற பையன் பதினோரு மணிக்கு ஒரு பாடத்தை முழுதாகப் படித்துவிட்டு, தாடியோடு வெளியே வருவான். பயந்துபோய் நடுவில் கதவைத் திறந்துவிடவும் முடியாது. வெளியே அந்த ஒரு மணி நேரம் முடியும்வரை அது திறக்காது.

கட்டடப் பொறியியல்காரர்களுக்கு இது தேவைப்படவில்லை. பாலம் நாலு வருடத்தில் பழசாகிவிடாது. கணினித் துறையின் கதை வேறு. முதலாண்டில் படித்ததை நாலாம் ஆண்டில் அருங்காட்சியகத்தில்தான் தேட வேண்டியிருந்தது. பாடத்திட்டம் அச்சாகி மை காய்வதற்குள் பட்டதாரி வேண்டும் என்று கம்பெனிகள் நெருக்கின. பல்கலைக்கழகம் நீள்கூடம் வாங்கியது. பிள்ளைகள் பதினெட்டு வயதில் சேர்ந்து, அதே வருடம் இருபத்திரண்டு வயதோடு வேலைக்குப் போனார்கள். பெற்றோருக்குப் பரம சந்தோஷம். ஜோசியர்கள் மட்டும், உள்ளே கழிந்த நாளில் சனி நகர்ந்தாரா இல்லையா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஆசிரியரின் வேலை நேரத்தை மட்டும் பல்கலைக்கழகம் வெளிக் கடிகாரத்தைப் பார்த்தே கணக்கிட்டது. உள்ளே தொண்ணூறு நாள் மாரடித்துவிட்டு வந்தாலும் பதிவேட்டில் அது ஒரு மணி நேரம். மூத்தவர்கள் நைசாக நழுவினார்கள். நழுவ முடியாத இளையவர்கள் உள்ளே போனார்கள். யாருக்கும் தோதுப்படாவிட்டால் அட்டவணைப் பொறுப்பாளரே போனார்.

ஆவுடை பன்னிரண்டு முறை போயிருக்கிறாள். மூன்று வருடம்.

அதன் வலி வீட்டில்தான் தெரியும். காலையில் அவள் மகன் சேந்தன், பள்ளி விழாவுக்குக் கிளி வேஷம் வேண்டும் என்று அழுது அடம்பிடிப்பான். சாயங்காலம் பச்சைத் துணி வாங்கி வருகிறேன் என்று சமாதானம் சொல்லிவிட்டு வருவாள். நடுவில் ஒரு நீள்கூட மணி. உள்ளே முதல் வாரம் அவனை நினைத்து அழுவாள். மூன்றாம் மாதம் அவன் குரல்கூட மங்கிவிடும். மாலையில் ஓடி வந்து அவனை அள்ளிக்கொண்டால், "துணி எங்கம்மா?" என்பான். எந்தத் துணி? அவனுக்கு அது காலையில் விட்ட அழுகையின் மிச்சம். அவளுக்கு அது மூன்று மாதத்துக்கு முந்தைய பேச்சு. "காலைலதான சொன்னேன்!" என்று அவன் முகம் கோணும்போது அவளுக்குத் தன் மேலேயே எரிச்சல் பொங்கும்.

அதனால்தான் மனு போட்டிருந்தாள். நீள்கூடத்துக்குள் கழித்த நாளையும் பணிக்காலத்தில் சேர்க்க வேண்டும். சேர்த்தால் அவளுக்கு மூன்று வருடம் கூடும், பேராசிரியர் பதவி கைக்கு வரும். பதவியைவிட, அந்த மூன்று வருடம் நடந்தது என்று யாராவது ஒருவர் ஒப்புக்கொள்ள வேண்டும் என்ற தவிப்புதான் அவளுக்கு அதிகம். இரண்டு வருடம் இழுத்தடித்த மனு இந்த வெள்ளிக்கிழமை குழுவுக்கு முன் வருகிறது. அதுவரை ஒரு நாளைக்கூட அந்தக் கூடத்துக்குக் கொடுப்பதில்லை என்று மனதுக்குள் சத்தியம் செய்திருந்தாள்.

காலிக் கட்டத்தில் மூத்த பேராசிரியர் சங்கரபாண்டியன் பெயரைப் போட்டு, மறுபடி யோசிக்காமல் அனுப்பிவிட்டாள். பத்து நிமிடத்தில் அவரிடமிருந்து அழைப்பு வந்தது.

"என்னம்மா ஆவுடை, புதன்கிழமை என் பேரைப் போட்டிருக்கியளாமே?"

"ஆமா சார். கம்பைலர் உங்க பாடம்தான."

"பாடம் என் பாடந்தான், யாரு இல்லேங்கா? அன்னைக்குப் பேத்திக்குக் காது குத்துல்லா. கிடா வெட்டுதோம்."

"ஒரு மணி நேரந்தான சார். பதினோரு மணிக்கு வெளிய வந்திருவிய."

"வெளாடுதியளா? மூணு மாசம் அந்த விடுதிச் சாம்பாரைக் குடிச்சுட்டு வந்து, பேத்தி பேரு என்னன்னு நான் யோசிச்சுக்கிட்டு நிக்கவா? நீங்கதான் போயிருங்களேன். உங்களுக்குத்தான் பழகிப்போச்சே."

பழகிப்போச்சு என்ற சொல் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

"இந்தத் தடவை நான் போகல சார். உங்களுக்கு முடியாதுன்னா யார்ட்டயாவது அட்ஜஸ்ட் பண்ணிக்கிடுங்க."

"பண்ணிக்கிடுதேன், பண்ணிக்கிடுதேன்" என்று அவர் வைத்துவிட்டார்.

அட்ஜஸ்ட் என்பது அந்தத் துறையின் எழுதாத சட்டம். என் வகுப்பை நீ எடு, உன் வகுப்பை நான் எடுக்கிறேன். வராந்தாவில் நடக்கிற நடையிலேயே முடிந்துவிடும் ஒப்பந்தம். எந்தப் பதிவும் இருக்காது. நீள்கூடக் கதவில் முதலில் ஆசிரியர் கைரேகை வைத்தால்தான் பூட்டும் என்ற ஏற்பாடு இருந்தது. அது யார் எத்தனை மணிக்கு வருகிறார்கள் என்பதையும் காட்டிக்கொடுத்ததால், ஆசிரியர்கள் எல்லோரும் சேர்ந்து எதிர்த்து அதைக் கழற்ற வைத்தார்கள். ஆவுடையும் சேர்ந்துதான் எதிர்த்தாள். இப்போது அறுபது மாணவர்களும் உள்ளே வந்தால் போதும், அட்டவணையைப் பார்த்துக் கதவு தானே பூட்டிக்கொள்ளும்.

புதன்கிழமை பத்தே காலுக்கு நீள்கூடக் காவலர் சுடலைமணி அழைத்தார்.

"மேடம், உள்ள வாத்தியார் யாரும் போன மாதிரித் தெரியலயே."

ஆவுடை டீயை அப்படியே வைத்துவிட்டு ஓடினாள். ஓடும்போதே சங்கரபாண்டியனை அழைத்தாள். பின்னால் நாதசுரம் காதைப் பிளந்தது.

"நான் அன்னைக்கே பிரிட்டோகிட்ட கொடுத்திட்டேனேம்மா! சின்னப் பையன், சரின்னான். அவங்கிட்டக் கேளுங்க. இந்தா, பிள்ளைய மடியில வைக்கச் சொல்லுதாங்க, வச்சிருதேன்."

கூடத்தின் கதவுக்கு மேலே உள்ளங்கை அளவு கண்ணாடிச் சன்னல் ஒன்று இருந்தது. உள்ளே ஆட்கள் தெரிய மாட்டார்கள்; அவர்கள் அவ்வளவு விரைவாக வாழ்கிறார்கள். வெளிச்சம் மட்டும் தெரியும். உள்ளே விடிந்தால் அது மஞ்சளாகும், விளக்கணைத்துத் தூங்கினால் கறுக்கும். அது விட்டுவிட்டு எரிந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு முறை கறுக்கும்போதும் உள்ளே ஒரு இரவு. சங்கரபாண்டியனோடு பேசி முடிப்பதற்குள் நாலு முறை கறுத்துவிட்டது.

பிரிட்டோ ஐந்து முறை அடித்த பிறகு எடுத்தான். துறைக்குப் புதிது, அடுத்த வாரம் கல்யாணம். ஜவுளிக்கடையில் நின்றிருந்தான்.

"மேடம், நான் சரின்னு சொன்னேன், உண்மைதான். அப்புறம் யோசிச்சுப் பார்த்தேன். மூணு மாசம் கழிச்சுக் கல்யாணத்துல போய் நின்னா அவ முகமே எனக்கு ஞாபகம் இருக்காது மேடம். ரெண்டு பேர்கிட்டக் கேட்டேன், முடியாதுன்னுட்டாங்க."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே பிரிட்டோ?"

அவன் தயங்கினான். "யாரும் இல்லேன்னா நீங்க போயிருவீங்கன்னு எல்லாரும் சொல்வாங்க மேடம். அதான் சும்மா இருந்துட்டேன்."

அவள் அழைப்பைத் துண்டித்தாள். துறைத்தலைவர் சாமுவேல் தங்கதுரையைப் பிடிக்க முயன்றாள். கூட்டத்தில் இருக்கிறார், காத்திருங்கள் என்றது இயந்திரக் குரல். காத்திருந்தாள். மஞ்சள், கறுப்பு, மஞ்சள், கறுப்பு. ஒரு வழியாக அவர் வந்தார்.

"பதறாதீங்கம்மா. ஒரு மணி நேரம் வாத்தியார் வரலன்னா என்ன, குடியா முழுகிப்போச்சு? பசங்க புத்தகத்தைப் புரட்டிக்கிட்டு இருப்பாங்க."

"சார், உள்ள அவங்களுக்கு ஒரு மாசத்துக்கு மேல ஓடிப்போச்சு!"

"அதுக்கு என்ன செய்ய? கதவைத் திறக்க முடியாது. நீங்க உணர்ச்சிவசப்பட்டு உள்ள போயிறாதீங்க. வெள்ளிக்கிழமை உங்க மனு இருக்கு. நான் யாரையாவது அனுப்புதேன்." அனுப்பவில்லை. யாரை அனுப்புவது என்று அவரும் யாரிடமோ கேட்டுக்கொண்டிருந்திருப்பார்.

கூடத்தின் பக்கவாட்டில் ஒரு நுழைவறை உண்டு. நடுவில் ஒரு ஆள் உள்ளே போகலாம், ஆனால் மணி முடியும்வரை திரும்ப வர முடியாது. ஆவுடை அந்தக் கதவின் கைப்பிடியைப் பிடித்தாள், விட்டாள். வராந்தாவின் அந்தக் கோடி வரை நடந்தாள். நான் ஏன் போக வேண்டும்? என் பேரா போட்டிருந்தது? பன்னிரண்டு முறை போனது போதாதா? கேள்வி எல்லாம் நியாயமானதுதான். ஆனால் அவள் அதைக் கேட்டுக் கேட்டு நடந்துகொண்டிருந்தபோது சன்னல் கறுத்துக்கொண்டே இருந்தது. எண்ணக் கூடாது என்று நினைத்தும் எண்ணினாள். பதினேழாவது முறை கறுத்தபோது நின்றாள். இதுவரை ஓடிய நேரத்தைச் சங்கரபாண்டியன் மேலோ பிரிட்டோ மேலோ போட்டுவிடலாம். இந்தப் பதினேழு இரவை யார் மேல் போடுவது? அவள் கைபேசியைச் சுடலைமணியிடம் கொடுத்துவிட்டு நுழைவறைக்குள் போனாள். வெளியே மணி பத்து நாற்பது.

உள்ளே சத்தமில்லை. அவள் எதிர்பார்த்தது கூச்சலும் உடைந்த பொருள்களும். தரை கூட்டிப் பெருக்கியிருந்தது. துணிகள் வரிசையாகக் காய்ந்தன. வகுப்பறையில் ஒரு பையன் பலகையில் படம் போட்டு விளக்க, மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவளைப் பார்த்ததும் அவன் நிறுத்தினான். அறுபது முகங்களும் திரும்பின. போன வாரம் வராந்தாவில் பார்த்த பிள்ளைகள்தான். கன்னம் ஒட்டி, முடி வளர்ந்து, யாரோ மாதிரி இருந்தார்கள்.

வகுப்புத் தலைவி ஜுலைகா எழுந்து வந்தாள்.

"வாங்க மேடம். சாப்பிட்டீங்களா?"

அதைக் கேட்டதும் ஆவுடைக்குக் கண் நிறைந்துவிட்டது. "என்னம்மா நடந்துச்சு இங்க?"

"முதல்ல பத்து நாள் காத்திருந்தோம் மேடம். தினமும் ஒன்பது மணிக்கு உட்கார்ந்து வருகை எடுப்போம், ஆசிரியர் நாற்காலியப் பார்த்துக்கிட்டே இருப்போம். யாராவது வருவாங்கன்னுதான். வெளிய என்னமோ ஆயிப்போச்சு, உலகத்துல நம்மள விட்டா யாரும் இல்ல போலன்னு சில பேர் அழ ஆரம்பிச்சிட்டாங்க. அப்புறம் முத்துக்குட்டிக்குக் காய்ச்சல் வந்துது. ஒன்பது நாள் இறங்கவே இல்ல. மருந்துப் பெட்டியில இருந்ததைப் படிச்சுப் படிச்சுக் கொடுத்தோம். அவன் பிழைச்சப்புறம் அழுகை நின்னுட்டு. நாங்களே ஒரு அட்டவணை போட்டோம்."

சுவரில் அது இருந்தது. யார் எப்போது சமைப்பது, யார் எந்தப் பகுதியைப் படித்துவந்து மற்றவர்களுக்குச் சொல்வது, யாருக்கு எப்போது ஓய்வு. எல்லோருக்கும் சமமாக. ஆவுடை பத்து வருடமாக அட்டவணை போடுகிறாள். இவ்வளவு நேர்மையான ஒன்றைத் தான் ஒருநாளும் போட்டதில்லை என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. பாடம் பெரும்பாலும் முடிந்திருந்தது. அவர்கள் எழுதிய கம்பைலர் ஓடியது. அங்கங்கே திக்கியது, ஆனால் ஓடியது.

"வெளிய எவ்வளவு நேரம் ஆச்சு மேடம்?" என்று முத்துக்குட்டி கேட்டான். இன்னும் மெலிந்துதான் இருந்தான்.

"நாற்பது நிமிஷம்."

அவர்கள் கணினி மாணவர்கள். பெருக்கிப் பார்க்க யாருக்கும் தாள் தேவைப்படவில்லை. கடைசி வரிசையில் ஒருத்தி சிரித்தாள், சிரிப்பு சட்டென்று நின்றது.

"யார் வர்றதுன்னு பேசிக்கிட்டு இருந்தீங்களா மேடம்?" என்றாள் ஜுலைகா. அதில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"ஆமா" என்றாள் ஆவுடை. "கடைசிப் பதினேழு நாள் நான் மட்டுந்தான். கதவுக்கு வெளியே நின்னுக்கிட்டு இருந்தேன்."

ஜுலைகா சுவரிலிருந்த அட்டவணையைப் பார்த்து, காலையில் இடமில்லை, மாலை ஐந்து மணிக்கு ஒரு மணி நேரம் தர முடியும் என்றாள். ஆவுடை சரி என்றாள். முப்பது நாள் தினமும் ஐந்து மணிக்கு வகுப்பெடுத்தாள். பாத்திரமும் கழுவினாள். முத்துக்குட்டி இரவில் இருமினால் எழுந்துபோய்ப் பார்த்தாள். முப்பதாம் நாள் கதவு திறந்தது. வெளியே சுடலைமணி அவள் கைபேசியை அதே கையில் பிடித்தபடி நின்றிருந்தார்.

மறுநாள் தங்கதுரை அவளைத் தன் அறைக்கு அழைத்தார். விஷயம் மேலிடம் வரை போய்விட்டது. வெள்ளிக்கிழமை மனுவைக் கேட்கிற அதே குழு, புதன்கிழமைத் தாமதத்தையும் விசாரிக்கும்.

"பயப்படாதீங்க" என்றார் அவர். "உங்க பேர் அட்டவணையில இல்லன்னாலும் உள்ள போன ஆசிரியர் நீங்கதான், அதனால தாமதமும் உங்க பேர்லதான் எழுதுவாங்க. எவ்வளவு தாமதம்னு கேட்டா நாற்பது நிமிஷம்னு சொல்லுங்க. அரை நாள் விடுப்பைக் கழிச்சுட்டு விட்டுருவாங்க. பாதி நேரத்துக்கு மேல ஆசிரியர் இல்லாததால வகுப்பு நடக்கலன்னு ஆகும். சனிக்கிழமை ஈடு வகுப்பு வச்சிரலாம்."

"ஈடு வகுப்பா? அந்தப் பிள்ளைகளை மறுபடியும் மூணு மாசம் உள்ள போடப் போறியளா?"

"ஒரு மணி நேரந்தானம்மா."

"நான் முப்பது நாள் நடத்தியிருக்கேன் சார். முப்பது நாள் நடத்தினா பாடம் முடிஞ்சதுன்னு விதி இருக்கே."

"நாள் நடத்தினா. உள்ள நாள்னு ஒண்ணு இருக்கறதையே பல்கலைக்கழகம் இன்னும் ஒத்துக்கலையே. அதைத்தான உங்க மனு கேக்குது?"

"அப்ப ஒத்துக்கிடச் சொல்லுதேன்."

தங்கதுரை நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். கெட்ட மனிதர் இல்லை, அவளுக்கு நல்லது நினைத்துத்தான் சொன்னார். "நல்லா யோசிங்க ஆவுடை. உள்ள ஓடுறதும் நாள்தான்னு ஆயிட்டா, நீங்க நாற்பது நிமிஷம் தாமதமா வந்தவங்க இல்ல. சொல்லாம ரெண்டு மாசம் வேலைக்கு வராதவங்க. அது பணி முறிவு. அதுவரைக்கும் சேர்த்த சர்வீஸ் எல்லாம் போயிரும், முதல்ல இருந்து எண்ணணும். நீங்க கேக்கற மூணு வருஷம் ஒரு கையில வந்து, பத்து வருஷமா இன்னொரு கையில போயிரும். பேசாம நாற்பது நிமிஷம்னு சொல்லிட்டு மனுவை வாபஸ் வாங்கிருங்க. எல்லாருக்கும் நல்லது."

அன்று இரவு சேந்தனின் வீட்டுப்பாடத்தைப் பார்க்க உட்கார்ந்து, ஒரே கணக்கை மூன்று முறை தப்பாகத் திருத்தினாள். நாற்பது நிமிடம் என்பது பொய்யும் இல்லையே! சுவரில் மாட்டியிருக்கிற எந்தக் கடிகாரமும் அதற்குச் சாட்சி சொல்லும். இரண்டு வருடமாக அவள் எந்தக் கடிகாரத்தைத் திட்டித் தீர்த்தாளோ அதே கடிகாரம் இன்று அவளைக் காப்பாற்ற வந்து நிற்கிறது. அறுபது பிள்ளைகள் இன்னொரு மூன்று மாதம் கிழடாவார்கள், அவ்வளவுதான். அவர்களே பழகிக்கொள்வார்கள் என்று ஒரு நினைப்பு வந்தது. வந்த வேகத்தில் அவளுக்குச் சங்கரபாண்டியனின் குரல் கேட்டது.

வெள்ளிக்கிழமை குழுவில் மூன்று பேர். தலைவர் வெளியூர்க்காரர், ஓய்வு பெற்ற நீதிபதி, எழுந்துபோகும் அவசரத்தோடு உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஐந்து மணிக்கு ரயில். ஒரு ஓரத்தில் தங்கதுரையும் சங்கரபாண்டியனும் பிரிட்டோவும். ஜுலைகாவைச் சாட்சிக்கு அழைத்திருந்தார்கள். அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

"முதல்ல சின்ன விஷயத்தை முடிச்சிரலாம்" என்றார் நீதிபதி. "புதன்கிழமை வகுப்புக்கு நீங்க எவ்வளவு நேரம் தாமதமாப் போனீங்க?"

தங்கதுரை அவளைப் பார்த்துத் தலையை லேசாக அசைத்தார்.

"ரெண்டு மாசம் சார்" என்றாள் ஆவுடை.

நீதிபதி காதில் இருந்த கருவியைச் சரி செய்துகொண்டார். "ஒரு மணி நேர வகுப்புக்கு ரெண்டு மாசமா? எந்தக் கடிகாரப்படிம்மா?"

"உள்ள இருந்த பிள்ளைங்க கடிகாரப்படி சார். காய்ச்சல் வந்த பையனுக்கு அந்தக் கடிகாரந்தான் ஓடிச்சு. எனக்கும் பன்னிரண்டு தடவை அதுதான் ஓடிச்சு. எனக்கு நாள் கணக்கு, அவங்களுக்கு நிமிஷக் கணக்குன்னு என்னால கேக்க முடியாது. அவங்களுக்குப் பாடம் முடிஞ்சிட்டு. மறுபடியும் உள்ள அனுப்பாதீங்க."

ஜுலைகா தலையைக் குனிந்துகொண்டாள். சங்கரபாண்டியன் கூரையில் எதையோ தேடினார். நீதிபதி காகிதங்களை மறுபடி முதலிலிருந்து புரட்டினார். ரயிலையும் மறந்துவிட்டார் போலிருந்தது.

திங்கள்கிழமை ஆணை வந்தது. நீள்கூடத்துக்குள் கழியும் காலம் இனி எல்லாக் காரியங்களுக்கும் காலமாகவே கொள்ளப்படும். புதன்கிழமைப் பாடம் நடந்து முடிந்ததாகக் கருதப்படும். ஈடு வகுப்பு தேவையில்லை. ஆவுடைநாயகியின் பணிக்காலத்தில் மூன்று ஆண்டுகள் சேர்க்கப்படுகின்றன. அறிவிப்பின்றி இரண்டு மாதம் பணிக்கு வராததால் அந்தப் பணிக்காலம் முறிகிறது; இன்று முதல் அவர் புதிதாகச் சேர்ந்தவராகக் கொள்ளப்படுவார்.

அவள் அதை இரண்டு முறை படித்தாள். அந்த மூன்று வருடம் நடந்தது என்று கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொண்டுவிட்டார்கள். அடுத்த வரியிலேயே எடுத்துக்கொண்டும் விட்டார்கள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அதற்குள் கைபேசி அலறியது. சங்கரபாண்டியன்தான்.

"ஆவுடையம்மா! ஆணை பார்த்தேன். ஒரு மணிக்கு மூணு மாசம் சர்வீஸாமே! இந்தப் பருவத்துல நீள்கூட வகுப்பு இன்னும் எட்டு இருக்குல்லா? எட்டையும் என் பேர்ல போட்டிருங்க. மூத்தவனுக்குத்தான முதல் உரிமை?"

அதற்கு முன்பே பிரிட்டோவின் செய்தியும் இன்னும் நாலு பேரின் செய்தியும் வந்து குவிந்திருந்தன. எல்லோருக்கும் நீள்கூடம் வேண்டும்.

"போடுதேன் சார்" என்றாள் ஆவுடை. "எல்லாக் காரியங்களுக்கும்னு போட்டிருக்கே, படிச்சியளா? சர்வீஸுக்கு மட்டுமில்ல, வயசுக்கும் அதே கணக்குதான். நீங்க ஓய்வு பெற இன்னும் எவ்வளவு இருக்கு?"

"ரெண்டு வருஷம்."

"எட்டு வகுப்பு முடிஞ்சா ரெண்டு வருஷம் முடிஞ்சிரும் சார். தீபாவளிக்கு முன்னாலயே வழியனுப்பு விழா வச்சிரலாம்."

மறுமுனையில் அவர் இருமுவது கேட்டது.

"அப்ப வேண்டாம்மா" என்றார் கடைசியில். "துறையில புதுசாச் சேர்ந்தவங்க யாராவது இருப்பாங்கல்லா, அவங்க பேர்ல போட்டிருங்க."

மதியத்துக்குள் மற்றவர்களும் வயதைக் கணக்குப் போட்டுப் பார்த்து ஒவ்வொருவராகப் பின்வாங்கிவிட்டார்கள். பிரிட்டோ, கல்யாணம் முடிந்ததும் பார்க்கலாம் என்று எழுதியிருந்தான். திரையில் எட்டுக் கட்டங்கள் காலியாக இருந்தன. ஆணைப்படி துறையில் இன்று புதிதாகச் சேர்ந்தவர் ஒரே ஒருவர்தான். ஆவுடை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். புதன்கிழமை பத்து மணிக்குத் தன் பெயரை எழுதினாள். இந்த முறை அவள் யாரையும் அழைத்துக் கேட்கவில்லை.